சுவரில் விரியும் வானம்

பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் என் மகனுக்கு விமானியாக வேண்டும் என்பது ஆவல். தன் சேமிப்பில் பழைய புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, கூடத்தில் வெண்திரை கட்டி, கணினியில் விமானம் ஓட்டுகிறான். இஷாவுக்குப் பின் விளக்கை அணைத்தால் திருச்சி ஓடுபாதை சுவரளவு விரிகிறது. விமானம் சாயும்போது என் துணைவியார் நாற்காலியைப் பற்றிக்கொள்கிறார். உடல் அசையாதிருக்கக் கண் மட்டும் சாய்வதால் வரும் மயக்கம் அது.

“வாப்பா, இதுவும் பயிற்சிதானே?” என்றான்.

வணிக விமானி உரிமத்திற்கு நம் நாட்டில் 200 மணிநேரம் மெய்யாகவே பறந்திருக்க வேண்டும்; வீட்டுத் திரையின் மணிகள் அக்கணக்கில் சேரா. பல இலட்சம் செலவாகும் படிப்பு. இதை அவனிடம் மறைத்தல் தகாது.

ஆயினும் இது வீணன்று. 1934இல் அஞ்சல் சுமந்த அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டனர். அதன்பின் அப்படை எட்வின் லிங்கின் பயிற்சிப் பெட்டிகளை வாங்கியது. மூடிய கூண்டுக்குள், வெளிக்காட்சி ஏதுமின்றி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கக் கற்றனர். மேகத்தினுள் உடலுணர்வு ஏமாற்றும்; கருவியின் முள்ளே துணை.

இதைச் சொன்னபின், மகன் திரையில் மேகமூட்டத்தை வைத்து இறங்கப் பழகுகிறான். படிப்புச் செலவைப் பற்றித் தேர்வு முடிந்ததும் இன்ஷா அல்லாஹ் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்வோம்.