பொருந்தல் எழுத்தும் எழுத்துருவும்

பழனிமலை அடிவாரத்துப் பொருந்தலில் 2009-இல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில், 'வய்ர' எனத் தமிழ்ப் பிராமியில் கீறிய மட்கலத் தாங்கி கிடைத்தது. உடனிருந்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. எழுத்தும் அத்துணைப் பழையதா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர்.

அவ்வெழுத்தை நாம் நெடுங்காலம் கரும்பலகையில் வரைந்தே கற்பித்தோம். சீனத்து யீ மக்களின் 1165 எழுத்துகள் 1999-இலேயே ஒருங்குறி ஏறிவிட்டன. பிராமி ஏறியது 2010-இல். தமிழுக்கே உரிய புள்ளியும் எகர ஒகரக் குறில்களும் தனிக்குறி பெற 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. புள்ளியில்லையேல் 'ய' எது, 'ய்' எது என்று வாசிப்பவரே ஊகிக்க வேண்டும்.

இன்று மாணவர்கள் பிராமியைக் கணினியில் தட்டச்சிடுகின்றனர், மகிழ்ச்சியே. ஆயினும் எழுத்துரு எல்லாக் கைகளையும் ஒரே கையாக்கிவிடுகிறது. ஓட்டில் கீறியவரின் சாய்வும் பிசிறும் அதில் இல்லை. ஆகவே எழுத்துருவில் பழக்கியபின் ஓட்டின் நிழற்படத்தை நீட்டுகிறோம். நன்கு படித்தவரும் அங்கே தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றம் வேண்டுமென்றே கருதுகிறோம். அகழாய்வுக் குழியில் எழுத்துரு துணைக்கு வராது அல்லவா?