நிலவறையில் ஒரு மட்டை

2023ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் இருந்தோம். நம் தங்கை அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கிறாள். கோடை விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்குப் போவதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டோம். உண்மைக் காரணம் வேறு. அவள் மகன், பத்தொன்பது வயதினன், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடித்தவன், வீட்டில் எவரோடும் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தான். "நீங்க வாத்தியார்தானே அண்ணா, எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருப்பீங்க, இவன்கிட்டக் கொஞ்சம் பேசிப் பாருங்க" என்று தங்கை தொலைபேசியில் அழுதிருந்தாள்.

மருமகன் ஒன்பது வயது முதல் லக்ராஸ் ஆடியவன். நீண்ட மட்டையின் நுனியில் சிறு வலைப்பை; அதில் ரப்பர்ப் பந்தை ஏந்தி ஓடி, வீசி, எதிரணியின் ஆறடிக்கு ஆறடிக் கோல் சட்டத்துக்குள் எறிய வேண்டும். அணிக்குப் பத்துப் பேர். அடியும் இடியும் ஆட்டத்தின் பகுதிகளே. பள்ளியின் இறுதியாண்டில் அவன் முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்தது. நடக்கலாம், மெல்ல ஓடலாம், போட்டியில் இறங்குவது ஆகாது என்றார் மருத்துவர். ஊர்ப் பல்கலைக்கழக அணியின் ஆரஞ்சு நிறச் சட்டையை அணிய வேண்டும் என்பதே பத்தாண்டுகளாக அவன் கண்ட கனவு. மட்டை நிலவறைக்குப் போயிற்று. அவன் தன் அறைக்குள் போனான்.

நாம் சென்று மூன்று நாள்கள் வரை அவன் நம்மிடம் சொன்னவை "வாங்க மாமா", "சாப்டேன் மாமா" என்னும் இரண்டு தொடர்கள் மட்டுமே. நான்காம் நாள் தொலைக்காட்சியில் ஒரு மரணச் செய்தி வந்தது. ஜிம் பிரவுன் மே 18 அன்று காலமானார். அமெரிக்கக் கால்பந்தின் மாபெரும் ஆட்டக்காரர், திரைப்பட நடிகர், கறுப்பின மக்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தவர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருமகன் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். "அவர் லக்ராஸ்தான் ரொம்ப நல்லா ஆடுவாரு மாமா. இந்த ஊர்லதான்" என்றான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான்.

நமக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அன்றிரவே சிரக்யூஸ் பல்கலைக்கழக ஆடவர் லக்ராஸ் அணியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். விளையாட்டில் நமக்கு எவ்விதப் பயிற்சியும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையின் மொழியில் நான்கு சொற்களாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணமே நம்மைப் படிக்க வைத்தது.

அணி 1916இல் தோன்றியது. தோற்றுவித்தவர் லாரி காக்ஸ், வனவியல் கல்லூரியில் நிலத்தோற்றக் கலை கற்பித்த பேராசிரியர். 1920, 1922, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் அவர் அணி பட்டம் பெற்றது. அவரிடம் ஆடிய ராய் சிம்மன்ஸ் 1931இல் பயிற்சியாளராகி 1970 வரை இருந்தார். அடுத்து அவர் மகன், அதே பெயர் கொண்டவர், 1971 முதல் 1998 வரை. பின்னர் ஜான் டெஸ்கோ 2021 வரை. அவருக்குப் பின் கேரி கெய்ட். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்கு ஐந்தே பயிற்சியாளர்கள்! இளைய சிம்மன்ஸ் சிற்பக்கலை பயின்றவர், அதே பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர் என்று படித்தபோது, கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் நமக்கு ஒரு நெருக்கம் தோன்றியது.

1957ஆம் ஆண்டு அணியைப் பற்றிப் படித்தபோதுதான் உறக்கம் கலைந்தது. பத்து ஆட்டங்கள், பத்திலும் வெற்றி. அவற்றில் பிரவுன் மட்டும் 43 கோல்கள் போட்டார். இளைய சிம்மன்ஸ் அவ்வணியில் ஆடினார். கோல் காத்தவர் ஓரன் லயன்ஸ். நகருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் உள்ள ஓனண்டாகா மக்களின் நிலத்திலிருந்து வந்தவர். படையில் பணியாற்றிவிட்டு வந்து நுண்கலை படித்தவர். பிற்காலத்தில் தம் மக்களின் நம்பிக்கைக் காப்பாளராகி, 1992இல் ஐக்கிய நாடுகள் அவையில் உலகப் பூர்வகுடிகளுக்காக உரையாற்றியவர். ஒரு கறுப்பின இளைஞரும் ஒரு பூர்வகுடி இளைஞரும் 1957இன் அமெரிக்காவில் ஒரே அணியின் இரு முனைகளில் நின்றார்கள் என்பதை நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தோம்.

மறுநாள் காலையுணவின்போது, "43 கோலாமே?" என்று கேட்டோம். மருமகன் தட்டிலிருந்து தலையை உயர்த்தினான். "பத்தே மேட்ச்ல, மாமா" என்றான். அன்று அரை மணி நேரம் பேசினான். தங்கை சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சினாள் போலும்.

அடுத்து வந்த நாள்களில் அவன் தன் கணினியில் பழைய ஆட்டங்களை நமக்குக் காட்டினான். 1983 இறுதியாட்டத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணியிடம் 12–5 என்று பின்தங்கியிருந்து, 17–16 என்று வென்றார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் 1971இல் நடத்தத் தொடங்கிய போட்டியில் சிரக்யூஸ் பெற்ற முதற்பட்டம் அது. 1988 அரையிறுதியில் கனடாவிலிருந்து வந்த இரட்டையரில் ஒருவரான கேரி கெய்ட், கோல் சட்டத்தின் பின்புறமிருந்து துள்ளிப் பாய்ந்து, மேற்கம்பிக்கு மேலாகக் கையை நீட்டிப் பந்தை உள்ளே அழுத்தினார். அக்காட்சியை மருமகன் ஏழெட்டு முறை ஓடவிட்டான். எதிரணிக் காவலர் முன்புறம் பார்த்தபடியே நிற்கிறார். பந்து அவர் முதுகின் பக்கத்திலிருந்து வருகிறது. 1983 முதல் 2004 வரை தொடர்ந்து 22 ஆண்டுகள் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக இவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் நாம் ஒரு தவறு செய்தோம். ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுதான். 2007இல் அவ்வணி ஐந்து வெற்றி, எட்டுத் தோல்வி என்று சரிந்தது. தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. மறு ஆண்டே பட்டம் வென்றது. 2009இல் மீண்டும் பட்டம்; கார்னெல் அணிக்கு எதிரே கடைசி ஐந்து நொடிகளுக்குள் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் கோடி ஜேமிசன் என்னும் மொஹாக் இளைஞர் போட்ட கோலால் 10–9 என்று வென்றது. இவற்றை அடுக்கிச் சொல்லி, "பார்த்தாயா, விழுந்தவர்கள் எழுந்துவிட்டார்களே" என்று முடித்தோம். மருமகன் கணினியை மூடினான். "அது டீம், மாமா. என் முட்டி இல்ல" என்றான். இரண்டு நாள் மீண்டும் மௌனம்.

அந்த இரண்டு நாள்களும் வெட்கத்தோடு கழிந்தன. பிறர் துன்பத்துக்கு நீதிக்கதை சொல்வது எளிது. வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக அதைச் செய்து வந்திருக்கிறோம். அந்தப் பிள்ளையின் பத்தாண்டுகளுக்கு அடுத்த பருவம் என்று ஒன்று கிடையாது. அதை ஒப்புக்கொள்ளாமல் எந்தச் சொல்லும் அவனிடம் செல்லாது.

மூன்றாம் நாள் அவனே வந்தான். "1990 பத்திப் படிச்சீங்களா மாமா?" என்று கேட்டான். படித்திருந்தோம். அவ்வாண்டு சிரக்யூஸ் 13 ஆட்டங்களில் 13 வெற்றி பெற்றது. இறுதியாட்டத்தில் லயோலா அணியை 21–9 என்று வென்றது. பின்னர் ஓர் ஆட்டக்காரரின் கார்க் கடனுக்குப் பயிற்சியாளரின் மனைவி பிணைக் கையெழுத்திட்டிருந்தது விதிமீறல் என்று முடிவு செய்யப்பட்டு, அந்தப் பட்டம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கழகத்தின் பட்டியலில் 1990க்கு நேராக எந்த அணியின் பெயரும் இல்லை.

"ஆனா அவங்க ஆடுனாங்கதானே மாமா?" என்றான்.

"ஆடினார்கள்" என்றோம். அதற்கு மேல் எதுவும் சொல்லத் துணியவில்லை. ஏடு அழிந்துபோன பின்னும் உரையாசிரியர்களின் மேற்கோள்களில் மட்டும் வாழ்கிற நூல்கள் நம் மொழியில் உண்டு. அவற்றைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டோம். அவன் கேட்டது 1990ஐப் பற்றி மட்டுமன்று என்பது அந்நேரம் நமக்கு விளங்கியிருந்தது.

அன்று மாலை அவன் நம்மைக் காரில் ஏற்றித் தெற்கே ஓனண்டாகா நிலத்துக்கு அழைத்துச் சென்றான். வழியில்தான் அவன் அறிந்திருந்தவற்றின் ஆழம் நமக்குத் தெரியவந்தது. ஹோடினஷோனி என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஆறு இன மக்களின் கூட்டமைப்பில் ஓனண்டாகா நடுவில் அமைந்தது. லக்ராஸ் இவர்களுக்குப் படைத்தவன் தந்த ஆட்டம். அது ஒரு மருந்தும் கூட. ஊரில் ஒருவர் நோயுற்றால் அவர் நலம்பெற ஊரார் கூடி ஆடுவர். ஆண் குழந்தையின் தொட்டிலில் சிறு மட்டை வைப்பதும், இறந்தவரோடு அவர் மட்டையைப் புதைப்பதும் வழக்கம். பதினேழாம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சுப் பாதிரியார்கள் வைத்த பெயரே லக்ராஸ். மாண்ட்ரியால் நகரத்துப் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1867இல் விதிகள் வகுத்தார். 1880இல் கனடாவின் தேசியச் சங்கம் பூர்வகுடி ஆட்டக்காரர்களையே போட்டிகளிலிருந்து விலக்கியது. காசு வாங்கி ஆடுகிறார்கள் என்பது காரணம். ஆட்டத்தைத் தந்தவர்கள் ஆட்டத்துக்கு வெளியே நின்றார்கள்.

ஓரன் லயன்ஸும் மற்றவரும் 1983இல் தம் மக்களுக்கெனத் தனி அணி அமைத்தனர். 1990இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டிக்குத் தம் சொந்தக் கடவுச்சீட்டோடு சென்றனர். 2010இல் அதே கடவுச்சீட்டைப் பிரித்தானிய அரசு ஏற்க மறுத்தது. வேறு நாட்டின் சீட்டில் செல்வதற்கு அவர்கள் இசையவில்லை. மான்செஸ்டர் போட்டியை இழந்தார்கள்.

உள்ளரங்கில் சிறுவர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நாம் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தோம். மட்டையில் பந்து விழும் ஓசையும் சுவரில் மோதும் ஓசையும் மாறி மாறிக் கேட்டன. "பத்து வருஷமா இது எங்க ஊர் ஆட்டம்னு சொல்லிட்டிருந்தேன். அப்படிச் சொல்லலாமா மாமா? நான் இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல" என்றான் மருமகன். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அவன். இக்கேள்விக்கு விடை நம்மிடம் இல்லை. இல்லை என்று சொன்னோம். அவன் தலையசைத்தான். விடை சொல்லாமல் இருந்தது அவனுக்குப் பிடித்திருந்தது என்று தோன்றிற்று.

திரும்பும் வழியில் ஆல்ஃப் ஜாக்ஸைப் பற்றிச் சொன்னான். ஓனண்டாகாவில் மர மட்டை செய்பவர். சிறுவயதில் தந்தை லூயியோடு தொடங்கிய தொழில். ஹிக்கரி மரத்தைப் பிளந்து, செதுக்கி, நீராவியில் வைத்து வளைத்து, மாதக்கணக்கில் உலர்த்தித் தோல்வாரால் வலை பின்னுவார். 1970இல் பிளாஸ்டிக் தலை கொண்ட மட்டை வந்ததும் மர மட்டையின் சந்தை சரிந்தது, அவர் விடவில்லை. "அவரைப் பார்க்கணும் மாமா" என்றான். அடுத்த வாரம் போவோம் என்றோம். அடுத்த வாரம் தங்கையின் கணவர் வெளியூர் போனார். அதற்கடுத்த வாரம் மழை. ஜூன் 14 அன்று ஜாக்ஸ் காலமானார்.

மருமகன் அன்று அழவில்லை. அறைக்கதவைச் சாத்தவும் இல்லை. இரவு உணவுக்குப் பின் நிலவறைப் படிகளில் இறங்கினான். சிறிது நேரம் கழித்து நாமும் இறங்கிப் போனோம். மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தளர்ந்துபோன பழைய வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் புதிய நூல்கண்டு இருந்தது.

"எதுக்குடா?" என்று கேட்டோம்.

"சும்மாதான், மாமா. பந்து நிக்கணும்ல" என்றான்.

வலையின் ஆழம் எவ்வளவு இருக்க வேண்டும், எந்த வரிசையில் முடிச்சிட்டால் பந்து நேராகப் போகும் என்று விளக்கிக்கொண்டே பின்னினான். நூலின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வேலை நமக்குக் கிடைத்தது. மேலே, படிக்கட்டின் தலைப்பில் தங்கை நின்றிருந்தாள். அவள் கீழே வரவில்லை; விளக்கையும் அணைக்கவில்லை.