எந்த வண்டி வாங்குவது?

எங்கள் ஊரிலே மோட்டார் வண்டி வாங்குவது கலியாணம் பேசுவதற்கு ஒப்பானது. இரண்டுக்கும் தரகர் உண்டு. இரண்டிலும் பொருத்தம் பார்க்க வருவோர் பலர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. ஆயினும் வரியையும் சேர்த்துப் பார்த்தபோது புதிய வண்டி எங்கள் கைக்கு எட்டுவதாயில்லை. எனவே பாவித்த வண்டியொன்றைத் தேடலானோம்.

“நாளைக்கு வித்தால் என்ன விலை போகும் எண்டதைத்தான் முதலிலை பாக்கவேணும், அத்தான்” என்றார் மைத்துனர். அதற்கு வெள்ளை நிறமே உகந்ததாம். வாங்குமுன்னரே விற்பதைப் பற்றி நினைப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. என் மகனோ ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதிலேயே நின்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. 2022 யூலையில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, வரிசையில் நின்று களைத்தவன் அவன்தான்.

காலத்துக்குக் காலம் வண்டியின் இலட்சணம் மாறுகிறது. என் தந்தையாரிடம் ஒஸ்ரின் ஏ 40 ஒன்று இருந்தது. 1990இன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அழகிய புதிய வண்டிகள் பல கொட்டிலிலே உறங்கின. அந்தக் கிழ வண்டியோ மண்ணெண்ணெயில் ஓடிற்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் முதலிற் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சினாகையால் அது பொறுத்துக் கொண்டது. வீதியெங்கும் புகையும் நாற்றமுந்தான்! ஆயினும் நடுநிசியிற் பிள்ளைப்பேற்றுக்குத் துடித்த அயலவர்கள் எங்கள் படலையைத்தான் தட்டினார்கள். ஊர்த் திருத்துநர் ஒருவர் ஒரு சாவிப் பையுடன் வந்து அதைப் பிரித்துப் பூட்டிவிடுவார். அந்நாளில் அதைவிட மேலான குணம் வேறு எது?

இப்பொழுது எங்கள் வீட்டில் நிலைமை வேறு. அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மாதம் இருமுறை பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். வாடகைக் காரின் தாழ்ந்த ஆசனத்தில் அவர் விழுவதுபோல் அமர்வார். இறங்கும்போது இருவர் தூக்கவேண்டும். கடைசியாக இரண்டு தவணைகளுக்கு அவர் வர மறுத்துவிட்டார். காரணம் கேட்டபோது நெடுநேரம் பேசாதிருந்து,

“எந்தக் காரெண்டாலும் வாங்கு தம்பி, ஆஸ்பத்திரி வாசலிலை நாலுபேர் பாக்க என்னைத் தூக்காதேங்கோ” என்றார்.

மறுநாள் அளவுநாடாவுடன் புறப்பட்டேன். அம்மா தாமாகவே எழுந்துகொள்ளும் கட்டிலின் உயரம் 23 அங்குலம். மைத்துனர் தெரிந்தெடுத்த வண்டியின் ஆசனமோ 18 அங்குலந்தான். விற்பனை நிலையத்தார் என்னை ஒருமாதிரிப் பார்த்தனர். எஞ்சினைத் திறந்து பாராமல் ஆசனத்தை அளப்பவனை அவர்கள் கண்டதில்லைப் போலும். மகன் கணக்கிட்டுப் பார்த்தான். நாங்கள் மாதம் ஓடுவது 400 கிலோமீட்டர் அளவில். லீற்றருக்கு 20 ஓடும் வண்டிக்கும் 15 ஓடும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் மாதம் ஏழு லீற்றர் மாத்திரமே. அதன்பின் அவன் வாதாடவில்லை.

ஆறாவது இடத்தில் பெட்டிபோல் உயர்ந்த சிறு வண்டியொன்று அகப்பட்டது. ஆசனம் 24 அங்குலம். எங்கள் திருத்துநர் அடித்தட்டில் துருவுண்டா என்று படுத்துப் பார்த்தார். உதிரிப் பாகங்கள் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும் என்றார். அம்மாவை அழைத்துவந்தோம். கதவின் மேற்பிடியைப் பற்றி, மெல்லத் திரும்பி அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். கதவையும் தாமே சாத்தினார். அன்றே முற்பணம் கொடுத்தோம்.

வண்டியின் நிறம் கத்தரிப்பூ. மைத்துனருக்கு அதில் இன்னும் மனக்குறைதான்.