மூணாவது சரக்கு

வாஞ்சி மணியாச்சி ஜங்ஷன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1911 ஜூன் 17. ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷ். வாஞ்சிநாதனின் துப்பாக்கி. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கம்பெனிப் பதிவும் இருக்கிறது. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சுதேசிக் கப்பல் ஓட ஆரம்பித்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைத் தாறுமாறாகக் குறைத்தது. சும்மாவே ஏற்றிக்கொண்டு, கையில் குடையும் கொடுத்தது என்பார்கள். 1908-ல் வ.உ.சி. ஜெயிலுக்குப் போனார். 1911-ல் கம்பெனியும் இல்லை. ஆஷ் மீது ஜில்லாவில் இருந்த கோபங்களில், அதை நசுக்கியதும் ஒன்று.

எதற்கு இந்தப் பழைய கதை என்கிறீர்களா? ஒரு வட்டாரம் வளர்கிறதா, தேய்கிறதா என்று தெரிந்துகொள்ள, 'இந்த வருஷம் எத்தனை புதுத் தொழில் பதிவாகியிருக்கிறது?' என்று எண்ணிப் பார்ப்பது இன்றைக்கு உலக வழக்கம். 1906-ன் கணக்கை மட்டும் பார்த்தால் தூத்துக்குடிக்கு அது பொற்காலம். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால்?

மணியாச்சியிலிருந்து வடக்கே போனால் கோவில்பட்டி. இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்தால் பருத்தி, உளுந்து. பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ். அந்தத் தொழிலிலேயே ஒரு பாடம் உண்டு. கலால் வரி இருந்த காலத்தில் சிறிய ஆபீஸுக்கு வரி கம்மி. ஆகவே ஒரே பெரிய ஆபீஸாக நடத்துவதைவிட, மாமன், மச்சான் பெயரில் நாலாகப் பிரித்து நடத்துவது லாபம். கணக்கில் நாலு தொழில். குச்சி அடுக்கும் கைகள் மட்டும் அதே கைகள்!

இப்போது உதயம் பதிவு. 2020 ஜூலை 1-ல் வந்தது. கட்டணம் கிடையாது, கம்ப்யூட்டரில் நாமே பதிந்துகொள்ளலாம். நல்ல விஷயம்தான். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சேர்த்தார்கள். பாட்டன் காலத்து மளிகைக் கடையும் அன்றைக்குப் பதிந்தால் புதுப்பதிவுதான். சரி, கடையை மூடினவன் ஓடிப்போய்ப் பதிவை ரத்து செய்யவா போகிறான்?

அமெரிக்காவில் சென்சஸ் பீரோ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தொழில் தொடங்க வரி எண் கேட்டு வரும் விண்ணப்பங்களை எண்ணுகிறது. 2021-ல் மட்டும் சுமார் 54 லட்சம். அதில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க வாய்ப்புள்ளவற்றைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இதைக் கோவில்பட்டியில் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"தம்பி, புதுக்கடைக்காரன் மொதச் சரக்க ரொக்கத்துக்கு எடுப்பான். அது பொண்டாட்டி நகை. ரெண்டாவது சரக்கு கடனுக்குக் கேப்பான். மூணாவது சரக்குக்கு, பழைய பாக்கியக் குடுத்துட்டு எடுக்க வாரான் பாருங்க, அவந்தான் கடைக்காரன். அதுக்குப் பொறவுதான் நம்ம நோட்டுல அவனுக்குத் தனிப் பக்கம்."

"வராதவங்க நிறைய பேரா?"

"தொறந்த கடைய எண்ணாதிய. ஒரே ஷட்டர்ல எத்தன தடவ போர்டு மாறியிருக்குன்னு எண்ணுங்க."

சென்சஸ் பீரோ வரி எண்ணில் தேடுவதை, அண்ணாச்சி கடன் நோட்டில் வைத்திருக்கிறார். நம் பதிவுக் கணக்கில் தெரிவதெல்லாம் முதல் சரக்கு மட்டும்தான்.

அடுத்த முறை 'மாவட்டத்தில் இத்தனை ஆயிரம் புதுத் தொழில்கள்' என்று பேப்பரில் படித்தால், இரண்டே கேள்வி கேளுங்கள். மூன்று வருஷம் முன்னால் பதிந்ததில் எத்தனை இன்றும் திறந்திருக்கிறது? எத்தனை பேருக்குச் சனிக்கிழமை கூலி போகிறது? பதில் சொல்ல ஆளில்லை என்றால், உங்கள் பஜாரில் ஒரு நடை நடந்து பாருங்கள். போர்டு மாறிய ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும், அடகுக் கடையில் இன்னும் மீட்காத நகை ஒன்று இருக்கலாம். அது எந்தக் கணக்கிலும் வராது.