பெறுபேறு வருமுன் பேசவேண்டியவை

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, எதைப்பற்றி எழுதுவதென நான் நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. இம்மலரின் ஏனைய பக்கங்களிற் கல்லூரிக்குப் புகழ் தேடித்தந்த வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நியாயவாதிகளும் நன்றியுடன் நினைவுகூரப்படுவர். அது தக்கதே. ஆயினும், 35 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, மண்டபத்துப் பெயர்ப்பலகையில் இடம்பெறாத மாணவர்களே அடிக்கடி நினைவில் வருகின்றனர். பதினைந்து வயது முதற் பத்தொன்பது வயது வரையுள்ள பரீட்சைக் காலத்தில் வீடும் கல்லூரியும் ஒரு பிள்ளைக்கு எங்ஙனம் துணைநிற்கலாம் என்பதுபற்றி, மாணவனாயும் ஆசிரியனாயும் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூற விரும்புகின்றேன்.

முதலிற் பரீட்சையின் இயல்பை நோக்குவோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், பதினாறு வயதுப் பிள்ளை உயர்தரத்தில் எப்பிரிவிற் பயில்வதெனத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கின்றது. வாழ்நாள் முழுவதையும் பற்றிய அத்தெரிவு, பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதில், பெரியப்பாவும் மாமாவும் அயல்வீட்டாரும் கூடியிருந்து செய்யும் முடிபாக அமைந்துவிடுகின்றது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். பல்கலைக்கழக அனுமதியிலோ, மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளின் இடங்களுள் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாயும் பகிரப்படுகின்றன. 2001ஆம் ஆண்டு முதல் இசெட் புள்ளியே அனுமதிக்கு அளவுகோலாயிற்று. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள இடங்கள், அனுமதிக்குத் தகைமை பெறுவோரின் தொகையிலும் மிகக் குறைந்தவை. ஆகவே ஒரு மாணவன் ஊக்கத்துடன் படித்து, நன்றாக எழுதி, மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த பின்னரும் இடம்பெறாது போதல் கூடும். இதனைப் பெற்றோர் பரீட்சைக்கு முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அறியாதார் வீட்டில், இடப் பற்றாக்குறை பிள்ளையின் குற்றமாக மாறிவிடுகின்றது.

நான் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியது 1975ஆம் ஆண்டில். அக்காலத்தில் அனுமதி விதிகள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தன. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. முந்திய ஆண்டுகளில் எமது ஊரவர் ஒருவருக்குப் பொறியியற் பீடத்தில் இடம்பெற்றுத் தந்த புள்ளிகள், எம் காலத்தில் அதற்குப் போதாவாயின. ஊரெங்கும் இதுவே பேச்சு. கோபமும் நியாயமானதே. எனினும் அக்கோபத்தை நாள்தோறும் கேட்டுக்கொண்டு புத்தகத்தின் முன் அமர்ந்திருப்பது மாணவருக்கு எளிதாயிருக்கவில்லை.

என் தந்தையார் புகையிரதப் பகுதியில் இலிகிதராயிருந்தவர். அதிகம் பேசமாட்டார். பரீட்சைக்கு நான்கு மாதங்கள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அழைத்து, "தம்பி, சைக்கிளை எடும், மூன்று பேரைப் பார்த்து வருவோம்" என்றார். முதலில் நில அளவையாளர் ஒருவரிடம் சென்றோம். பின்னர்க் கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளர் ஒருவரிடமும், இறுதியாகப் பயிற்றப்பட்ட கணித ஆசிரியர் ஒருவரிடமும் சென்றோம். மூவரிடமும் தந்தையார் கேட்டவை ஒரே கேள்விகளே: இத்தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்? தொடக்கத்தில் என்ன சம்பளம்? மேலே படிக்க வழியுண்டா? இதிற் கடினமானது எது? அவர்கள் மறைக்காது கூறினார்கள். நில அளவையாளர் காட்டில் மாதக்கணக்காக வாடியில் தங்கும் தொல்லையைச் சொன்னார். ஆசிரியர் தாம் பயிற்சியின்பின் வெளிவாரிப் பட்டம் பெற்ற வரலாற்றைச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஓர் ஆலமர நிழலில் நின்று தந்தையார் கூறியது இன்றும் என் நினைவிலுள்ளது. "பொறியியல் கிடைத்தாற் சந்தோஷம். கிடையாவிட்டால் இம்மூவரையும் நினைத்துக்கொள்ளும். எந்த வழியாற் போனாலும் எங்கள் வீட்டில் உமக்குள்ள மரியாதை குறையாது." அன்றிரவு நான் முன்னெப்பொழுதினும் நன்றாக உறங்கினேன், மறுநாள் முன்னெப்பொழுதினும் நன்றாகப் படித்தேன். பொறியியற் பீடத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆசிரிய கலாசாலைக்குச் சென்றேன். பின்னர் வெளிவாரியாகப் பட்டமும் பெற்றேன். அவ்வழி எனக்குப் புதிதாயிருக்கவில்லை. பரீட்சைக்கு முன்னரே அதைப் பார்த்து வந்திருந்தேன்.

தாயார் செய்த உதவி வேறுவகையானது. அதிகாலை நான்கு மணிக்குத் தேத்தண்ணீருடன் எழுப்புவார். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார். எவ்வளவு கெஞ்சினாலும் பத்து மணிக்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது. வந்த உறவினர் "மகன் எப்படிப் படிக்கிறான்?" என்று தொடங்கினால், "படிக்கிறான், நீங்கள் பிட்டுச் சாப்பிடுங்கள்" என்று பேச்சை மாற்றிவிடுவார். உறக்கம், நேரத்திற்கு உணவு, அயலாரின் கேள்விகளினின்றும் காவல் ஆகிய இம்மூன்றையும் வீட்டாரன்றி வேறெவரும் கொடுத்தல் இயலாது.

நிற்க. கல்லூரி செய்யவேண்டியது யாது? பாடங்களைத் திறம்படக் கற்பித்தலும், கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்தலும் எல்லாப் பாடசாலைகளிலும் நடைபெறுவனவே. அவற்றின் மேலாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் எதில் நாட்டமுள்ளது என்பதை அறிந்து, அதனைப் பெற்றோருக்கு உரிய காலத்தில் எடுத்துரைத்தல் கல்லூரியின் கடமையாகும். இதற்கு ஓர் உதாரணம் தருகின்றேன்.

1980களின் முற்பகுதியில் எனக்குத் தெரிந்த மாணவனொருவன் உயிரியற் பிரிவிற் படித்தான். தந்தையார் புகையிலைத் தோட்டஞ் செய்பவர். மகனை வைத்தியனாக்க வேண்டுமென்பதே அவர் வாழ்நாள் ஆசை. மகனுக்கோ தாவரவியலும் விலங்கியலும் மனத்திற் பதியவில்லை. இருமுறை தோற்றியும் போதிய புள்ளிகள் இல்லை. மூன்றாம் முறைக்காகத் தாயாரின் காப்புகள் அடகுக்குச் சென்றன. பையன் உணவு குறைந்து, பேச்சுக் குறைந்து, படலைக்கு வெளியே வருதலையும் விட்டுவிட்டான். இதனைக் கேள்வியுற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் ஒரு மாலை அவ்வீட்டிற்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். அவர் பரீட்சையைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றார். கிணற்றடியிற் பழைய நீரிறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது பழுதுற்றுக் கிடந்ததென்றும், மகனே கழற்றிப் பூட்டி ஓடச்செய்தானென்றும் தந்தையார் கூறினார்.

"அப்படியானால் அவனுக்கு இதில் நல்ல கைவாகு இருக்கின்றதே" என்றார் ஆசிரியர்.

"அது விளையாட்டல்லவா, மாஸ்டர்?"

"விளையாட்டானால் இவ்வளவு தோட்டமும் எப்படி நனைந்தது?"

தந்தையார் மறுமொழி கூறவில்லை. இரண்டு வாரங்களின் பின் அவரே மகனை அழைத்துக்கொண்டு தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுத வந்தார். அம்மாணவன் பின்னாளில் இயந்திரத் துறையில் முன்னேறி, தன் பட்டறையில் எழுவருக்கு வேலை கொடுத்தான். தாயாரின் காப்புகளையும் அவனே மீட்டான். ஆயினும் நான் எண்ணிப் பார்ப்பது வேறொன்று. கிணற்றடியில் நடந்த அந்த உரையாடல், அவன் பதினாறு வயதிற் பிரிவு தெரிவுசெய்த நாளிலேயே நடந்திருக்கலாம். அவன் திறமை அன்றும் அவன் கையில் இருந்தது. கேட்பார்தாம் இல்லை.

பிள்ளைகள் துன்பத்தைத் தாங்க வல்லவர் என்பதை யுத்தகாலத்திற் கண்டேன். மண்ணெண்ணெய் அரிதாயிருந்த நாட்களில் ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெயிட்டுத் திரி கொளுத்தி அவ்வொளியிற் படித்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தினின்றும் இடம்பெயர்ந்த மாணவர் பலர் புத்தகங்களையே முதலில் மூட்டை கட்டினர். தென்மராட்சியில் மரநிழலிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. அந்நாட்களிற் பெற்றோர் பெறுபேற்றைப்பற்றிப் பிள்ளைகளை நெருக்கவில்லை. பிள்ளை உயிருடன் அருகிலிருத்தலே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. அப்பிள்ளைகள் குறைவாகப் படித்தனர் என எவரும் கூறமுடியாது. அண்மைக்காலத்திலும் 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரிக்குத் தள்ளிப்போக, மாணவர் பொறுத்திருந்து எழுதினர். இருட்டையும் இடப்பெயர்வையும் தாங்கிய பிள்ளைக்கு, தன் வீட்டார் தன்னால் வெட்கமடைகின்றனர் என்னும் எண்ணத்தைத் தாங்குதல் அரிதாயிருக்கின்றது. பெறுபேறு வெளியான நாட்களிற் சில வீடுகளில் நேர்ந்த துயரங்களை நாமெல்லாம் அறிவோம்.

இன்று வழிகள் முன்னையிலும் பலவாயின. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கி, 2015இல் அதன் முதற் பரீட்சை நடைபெற்றது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது; அவ்வழியே சென்று, 2008இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகத்திற் பட்டமும் பெறலாம். உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள், தேசிய கல்வியியற் கல்லூரிகள், தாதியர் பயிற்சிக் கல்லூரிகள், 1980இல் உருவான திறந்த பல்கலைக்கழகம் என்பனவும் உள. இவற்றைப்பற்றி நம் வீடுகளிற் பேச்சே எழுவதில்லை. எழுந்தாலும் பெறுபேறு சரியாக அமையாத மறுநாள், ஆறுதலாகவே எழுகின்றது. ஆறுதலாகக் கொடுக்கப்படும் வழியை எப்பிள்ளையும் மதிப்புடன் ஏற்பதில்லை. பரீட்சைக்கு முன், மகிழ்ச்சியான ஒரு நாளில் அதே வழியைக் காட்டினால், அது தனக்குரிய ஒரு தெரிவாக அவனுக்குத் தோன்றும்.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுவே. பள்ளி முடிந்ததும் தனியார் கல்வி நிலையத்திற்கும், அங்கிருந்து மற்றொன்றிற்கும் ஓடி இரவு திரும்பும் பிள்ளைக்கு, கற்றதைத் தானே இருந்து படிக்கவும் உறங்கவும் நேரம் விடுங்கள். உயர்தரப் பிரிவைத் தெரியுமுன் வகுப்பாசிரியரைச் சென்று காணுங்கள். பெறுபேறு வரும் நாளில் விருந்தினரை வேறொரு நாள் வரச்சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: மூன்று பாடத்திலும் அதிவிசேட சித்தி பெற்றோரின் படங்களை வாயிலில் தொங்கவிடும் அதே நாளில், இடம்பெறாத மாணவர் வந்து பேசுவதற்கு ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஆயத்தமாயிருத்தல் நன்று.

பழைய மாணவர்களாகிய நமக்கும் கடமையுண்டு. கட்டடத்திற்கும் கிரிக்கெட் மட்டைக்கும் பணம் அனுப்புகின்றோம், மகிழ்ச்சி. அதனோடு, தவணைக்கு ஒருமுறை பதினோராம் வகுப்பிற்கு நம்முள் ஒருவர் சென்று, தாம் தொழிலுக்கு வந்த வழியை, வளைவுகளையும் தடைகளையும் மறைக்காது கூறலாம். நேரே சென்றோரை மட்டும் அனுப்புதல் போதாது. பட்டறை நடத்துபவரும், கமஞ் செய்பவரும், மூன்றாம் முறையில் சித்தியடைந்தவரும் செல்லவேண்டும். ஒரு ஞாயிறு காலையில் மூன்று வீடுகளுக்குச் சைக்கிள் மிதிக்கத் தந்தையார் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. அவ்வீட்டார் மூவராக நாமே கல்லூரிக்குச் செல்லலாம். அடுத்த தவணைக்கான பெயர்ப்பட்டியலைச் சங்கம் இவ்விழாக் காலத்திலேயே தொடங்குமாயின், என் பெயரை முதலில் எழுதிக்கொள்க.