எங்கள் வீட்டுச் சந்தில் சைக்கிள் போகாது!

பாகூர் பக்கம் எங்கள் வீடு. இரண்டு குழி மனை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், புதுச்சேரியில் ஒரு குழி என்றால் 576 சதுர அடி. 24 அடி அகலம், 48 அடி நீளம். அதில் 20-க்கு 40 வீடு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி சந்து. கணக்கு என்னவோ அப்படித்தான். ஆனால், இடதுபக்கச் சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே ஹேண்டில்பார் இடிக்கும். முன்னால் இரண்டடி இருக்கும் சந்து, பின்னால் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

கட்டியது வேறு யாருமில்லை, அப்பாதான். ஊரில் பாதி வீடுகளுக்குக் கடைக்கால் போட்ட மேஸ்திரி.

டைல்ஸ் ஒட்ட வந்தவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "அண்ணே, ஹால் மூலைமட்டத்துல இல்ல." கடைசி வரிசை டைல்ஸை ஆப்பு மாதிரி வெட்டி ஒட்டினார். அப்பா பதிலே சொல்லவில்லை. யாரோ 'மூலை இழுத்திருக்கு' என்று கிளப்பிவிட, அம்மா ஒரு ஹோமம் செய்தார். அந்தச் செலவு தனிக்கதை. அப்போது நான் எட்டாம் வகுப்பு. அதன்பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

சமீபத்தில் வில்லியனூர் பக்கம் ஒரு கட்டுமான இடத்துக்கு வீடியோ எடுக்கப் போனேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிவில் இன்ஜினீயர்கள் எட்டுப் பேருக்கு மார்க்கிங் பயிற்சி. மூன்று நிமிட வீடியோ போதும் என்று டெஸ்க்கில் சொல்லியிருந்தார்கள். நான் சாயங்காலம் வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

முக்காலி மேல் டோட்டல் ஸ்டேஷன். தூரத்தையும் கோணத்தையும் சேர்த்தே அளக்கும் கருவி. வரைபடத்தில் இருக்கும் தூண்களின் புள்ளிகளை அதில் ஏற்றிவிட்டால், எதிரே ப்ரிஸம் கண்ணாடி பொருத்திய குச்சியைப் பிடித்திருப்பவரை 'இன்னும் 4 சென்டிமீட்டர் வலது' என்று நகர்த்தி, சரியான இடத்தில் முளை அடிக்க வைக்கலாம். மில்லிமீட்டர் கணக்கில் துல்லியம். ஆனால், கருவி எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். ஒரு தம்பி அடையாளப் புள்ளிகள் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். கருவி பாட்டுக்கு மில்லிமீட்டர் சுத்தமாக மொத்தக் கட்டடத்தையும் பக்கத்து வயலுக்குள் திருப்பி வைத்தது. எல்லோரும் சிரித்தோம். பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதை சொன்னார். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து, இந்தியாவையே முக்கோணங்களாக அளக்கத் தொடங்கிய லாம்ப்டனிடம் அரை டன் எடையுள்ள தியோடலைட் இருந்தது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவர் கூடாரத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதைச் சரிசெய்தாராம்.

சாப்பிட்டுவிட்டு வந்ததும் கருவியை மூடிவைத்துவிட்டு, நூலும் டேப்பும் எடுத்தார். 3, 4, 5 அடி முக்கோணம் போட்டால் மூலை சரியாக 90 டிகிரி வரும். மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. "ஆனா நாலடியில அரை அங்குலம் தப்பினா, நாற்பது அடியில எவ்வளவு?" என்று கேட்டார்.

ஐந்து அங்குலம். இன்ஜினீயர்களுக்கு முன்பே என் வாய் சொல்லிவிட்டது. எங்கள் சந்தில் குறைகிற அதே ஐந்து அங்குலம்.

அதனால்தான் முக்கோணத்தைப் பெரிதாக, 9, 12, 15 அடியாகப் போடச் சொன்னார். எந்தக் கருவி வைத்தாலும் கடைசியில் மூலைக்கு மூலை டேப் பிடித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, தம்பியை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மொட்டைமாடியில் அளந்தேன். இரண்டு குறுக்களவுக்கும் நாலரை அங்குலம் வித்தியாசம். டேப்பைச் சுருட்டும்போது அப்பா படியேறி வந்துவிட்டார்.

"எவ்ளோ?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.

"முகூர்த்தம் ஏழரைக்கு முடியுதுன்னு உங்க தாத்தா அவசரப்படுத்துனாரு. வரேன்னு சொன்ன ஆளு வரல. அம்மாவைத்தான் நூலைப் புடிக்கச் சொன்னேன். மூணு, நாலு, அஞ்சோட விட்டுட்டேன். குறுக்க புடிக்கல. ஊரான் வீடா இருந்தா புடிச்சிருப்பேன்."

நான் எடுத்த வீடியோவைக் காட்டச் சொன்னார். செல்போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"எதிர்ல கண்ணாடிக் குச்சியோட நிக்கிறது யாரு?"

"இன்னொரு இன்ஜினீயர்ப்பா. அதைப் புடிக்க ஒரு ஆள் வேணும்."

"வேணும்ல?" என்றார் அப்பா.