பனிக்காலத்துச் செடிகளும் அத்தாவின் மல்லிகையும்



கம்பம் பள்ளத்தாக்கில் கடுங்குளிர் கிடையாது. ஆயினும் கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்துவிட்டால், ஃபஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்வோர் காதைத் துண்டால் மூடிக்கொள்ளுமளவுக்குப் பனி இறங்கிவிடும். அந்நாட்களில் வீட்டுச் செடிகளின் இலை மஞ்சளாவதைக் கண்டதும் ஒரு கைப்பிடி யூரியாவைத் தூவுவது நம்மில் பலருடைய வழக்கம். ஆனால் பனிக்காலத்தில் செடி கேட்பது அதுவன்று.

பருவமழை மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுவதால் அடியிலைகள் முதலில் வெளுக்கின்றன. குளிர்ந்த மண்ணில் வேரும் நுண்ணுயிர்களும் மெதுவாகவே இயங்கும். அப்போது அளவுமீறி இடும் இரசாயன உரம் வேரைக் கருக்கக்கூடும். நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ தொட்டிக்கு இரண்டு கைப்பிடி போதும். நீரைக் காலையில் ஊற்றுவதே நலம். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் காயாமல் நோய்க்கு இடம் தரும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று நீர் ஊற்ற வேண்டியதில்லை. கறிவேப்பிலை துளிர்க்காமல் நின்றால் கவலை வேண்டாம். வெயில் ஏறியதும் தானே துளிர்க்கும்.

இவை யாவும் எங்கள் அத்தாவிடம் நாங்கள் கற்றவை. சென்ற செப்டம்பரில் அவர் மவுத்தானார்கள். அவர்கள் இல்லாத முதல் பனிக்காலம் இது.

முற்றத்தில் அத்தா நட்ட மல்லிகைப் புதர் இருக்கிறது. மல்லிகையை நவம்பர் இறுதி வாக்கில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி, புதருக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட வேண்டும். புதிய கிளைகளில்தான் பூ வரும். வெட்டாமல் விட்டால் பூ குறைந்துவிடும்.

இத்தாவில் இருந்த அம்மாவுக்கு அந்த முற்றமே உலகம். "அத்தா கை பட்ட கிளைப்பா, கத்திரி வைக்காதீங்க" என்றார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. நவம்பர் முடிந்து டிசம்பரும் பாதி கடந்தது.

ஆண்டுதோறும் பூக்காலத்தில் அத்தா மல்லிகையைத் தொடுக்கச் சொல்லி, எந்த மதத்தவர் என்று பாராமல் அண்டை வீடுகளுக்கெல்லாம் முழம் முழமாகக் கொடுத்தனுப்புவார்கள். ஒரு முஸ்லிம் நட்ட செடியிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை அத்தா அடிக்கடி நினைவூட்டுவார்கள். பூவும் அதில் சேராதா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

ஒருநாள் அம்மா, "வெட்டாட்டி பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் பூ இருக்காதா?" என்று கேட்டார்கள். குறையும் என்றோம். மறுநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து கத்திரியைக் கேட்டு வாங்கி, முதல் கிளையைத் தாமே வெட்டினார்கள். மற்றவற்றை எங்களிடம் விட்டுவிட்டு, கடைசிவரை அருகிலேயே அமர்ந்திருந்தார்கள்.

இப்போது தை மாதம். வெட்டிய கணுக்களில் பச்சை முளைகள் தெரிகின்றன. சற்றுத் தாமதமாக வெட்டியதால் பூவும் சற்றுத் தாமதமாகலாம். இன்ஷா அல்லாஹ், மார்ச் முடிவதற்குள் மொட்டு வரும். முதல் முழம் அண்டை வீட்டுக்கு என்று அம்மா சொல்லிவிட்டார்கள்.

எங்கள் அத்தாவின் மஃக்ஃபிரத்துக்காகத் துஆ செய்யுங்கள்.